சிவப்புச் சிற்றாந்தை

அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் ஆந்தையம்மா, முகத்துக்கு நேரே மேடம். அவள் பெயர்தான் ஏற்கனவே ஓர் ஆந்தைக்குப் போய்விட்டதே. கல்யாணமான வருஷம் அவள் கணவர் புதிய சிற்றாந்தை இனம் ஒன்றைக் கண்டுபிடித்து, ஆசை ஆசையாக அதற்கு அவள் பெயரை வைத்தார். "பேர் வைக்க உனக்கு வேற பறவையே கிடைக்கலையாடா?" என்று மாமியார் மட்டும் நியாயமாகக் கேட்டார்.

கண்டுபிடித்தார் என்றால் காடு மேடு அலைந்து அல்ல. இழுப்பறையைத் திறந்தார், அவ்வளவுதான். எந்தக் காலத்திலோ யாரோ சுட்டுப் பாடம் செய்து, பஞ்சடைத்துப் படுக்க வைத்த உடல் அது. உள்ளங்கை அளவு, காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இறகுக் குச்சம். ஊரெல்லாம் கிடக்கிற சாம்பல் சிற்றாந்தையும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இது சிவப்பு. போதாதா? அளவெடுத்தார், கட்டுரை எழுதினார், பெயர் வைத்தார். அதன் பிறகு அந்த இனத்தை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. சிற்றாந்தைகளைக் குரலை வைத்துத்தான் நம்பிப் பிரிக்க முடியும் என்பார்கள். இதன் குரலையும் யாரும் கேட்கவில்லை. "ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று மேடைக்கு மேடை சொன்னார். கைதட்டினார்கள். அந்த ஒற்றை ஆந்தையின் முதுகில் ஏறியே பிரிவுத் தலைவர் ஆனார். இப்போது இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது.

அவளும் அதே பிரிவில் ஆராய்ச்சியாளர்தான். புது அலமாரிகள் வந்தபோது ஆந்தைகளை இடம் மாற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. சாம்பல் சிற்றாந்தைகளைப் பிடிபட்ட வருஷ வரிசையில் மேசைமேல் அடுக்கினாள். அடுக்கி முடித்தவள் ஓரடி தள்ளி நின்று பார்த்தாள். அண்மையில் வந்தவை சாம்பல். பழையவை பழுப்பு. ரொம்பப் பழையவை செங்கல் நிறம். செய்தித்தாள் பழுப்பேறுகிற மாதிரி, இழுப்பறையில் கிடந்து கிடந்தே இறகு சிவந்திருக்கிறது. அவருடைய ஆந்தை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. அதன் இறக்கையை மெல்லத் தூக்கினாள். காற்றும் வெளிச்சமும் படாத மடிப்பில் அச்சு அசல் சாம்பல்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தன் பெயர் போவது பெரிதில்லை. கிழட்டுச் சாதா ஆந்தைக்கு அது எதற்கு? ஆனால் இது வெளியே வந்தால் அவருடைய பதவிக் கனவு மண்ணாகிவிடும். வராவிட்டால் இல்லாத ஓர் இனம் புத்தகங்களில் உட்கார்ந்துகொண்டிருக்கும். முன்கூட்டிச் சொன்னால் பேசியே தன்னைக் கவிழ்த்துவிடுவார் என்பதும் தெரியும். அதனால் சத்தம் காட்டாமல் இறக்கை, வால், அலகு, கால் எல்லாவற்றையும் திரும்ப அளந்து கட்டுரையாகவே எழுதி முடித்தாள். பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, அந்த ஆந்தை தனி இனம் இல்ல. வெறும் பழசு. ரெக்கைக்கு அடியில பார்த்துட்டேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. தாம் தூம் என்று குதிப்பார் என எதிர்பார்த்து வந்தவளுக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

"தெரியும்" என்றார்.

"எப்போலேருந்து?"

"பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்துலேருந்து."

பாப்பாவுக்கே இப்போது ஒரு பாப்பா இருக்கிறது.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"உன் பேரும்மா அது. என் கையால எப்படி அழிப்பேன்? உனக்காகத்தான் வாய மூடிட்டு இருந்தேன்."

உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை அவளுக்கு எரிந்தது. பதவி உயர்வும் கைதட்டலும் அவருக்கு, பொய் மட்டும் அவளுக்காகவாம்! ஆனாலும் நறுக்கின வெங்காயத்தையே அவர் திரும்பத் திரும்ப நறுக்குவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"இயக்குநர் தேர்வு முடியட்டும். அப்புறம் நாம சேர்ந்தே எழுதலாம். 'பாடம் செய்த பறவைகளில் நிறமாற்றம்' – தலைப்பு நல்லா இருக்குல்ல? என் பேர் முதல்ல வரட்டும். எனக்குத்தானே முன்னாடியே தெரியும்!"

"கட்டுரைய மத்தியானமே பத்திரிகைக்கு அனுப்பிட்டேங்க. தேர்வுக் குழுவுக்கும் ஒரு பிரதி போயிருக்கு."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. கட்டினவராயிற்றே, அவளுக்கு மனசு கேட்கவில்லை. தோளைத் தொட்டு ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று கையை நீட்டினாள்.

"அதுல என் பேர் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. தப்புப் பண்ணினது யாருன்னு சொல்லணுமே, அந்த இடத்துல."

அவர் முகம் லேசாகத் தெளிந்தது.

"முழுப் பேரா போட்டிருக்க, வெறும் இனிஷியலா?"

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். அந்த நொடிவரை அவளுக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது.