சின்னப் பெட்டிக்குள் ஒரு காற்றுவழி

திமிங்கிலம் கண்ணைத் திறக்கப்போகும் நேரத்தில்தான் கம்ப்யூட்டர் அணைந்துபோகும். அதுவரைக்கும் எல்லாம் சமர்த்தாக நடக்கும். நீலம் மெல்ல மெல்லக் கறுக்கும், குமிழிகள் வரிசையாக மேலே போகும், கடலுக்குள் நெட்டுக்குத்தலாக நின்றபடி தூங்கும் அந்தப் பெரிய உடம்பு லேசாக அசையும். இதோ இமை விரியப்போகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது, மேஜை மேல் இருக்கும் பெட்டி ஒரு தடவை ஓவென்று இரைந்துவிட்டு உயிரை விட்டுவிடும். திரை கறுத்துப்போகும். வெளியே நல்ல வெயில்தான், ஆனாலும் அறையில் யாரோ விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

என் மனைவி அனிமேஷன் செய்கிறவள். அவளுடைய ஸ்டுடியோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் படுக்கையறையின் ஜன்னலோர மேஜையிலிருந்து அவள் அனுப்புவதை அங்கே படத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இந்தத் திமிங்கிலக் காட்சி முழுக்க அவளுடைய கற்பனை. ஒவ்வொரு படத்தையும் பிராசஸர் கணக்குப்போட்டு வரைய வேண்டும். கண் திறக்கும் இடத்தில் தண்ணீருக்குள் வெளிச்சம் உடைந்து சிதறுவதால் கணக்கு ஏகத்துக்கும் கூடி, சூடு தாங்காமல் மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

மாதக் கடைசிக்குள் வீட்டிலிருந்தே முடித்துக் கொடுத்தால் இப்படியே தொடரலாம், இல்லாவிட்டால் இங்கே வந்துவிடு, பெரிய மெஷின்கள் இருக்கின்றன, இரண்டு வருஷம் இருந்து வேலை பார் என்று ஸ்டுடியோவில் சொல்லிவிட்டார்கள். முடித்துவிட்டு வந்தாலும் சந்தோஷமே என்றும் சொன்னார்களாம். அவள் இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இரண்டு வருஷம் என்று நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போவதற்கான காரணத்தையே இல்லாமல் செய்துவிட்டால் போயிற்று என்று தோன்றியது. பெட்டி சூடாகிறது, அவ்வளவுதானே.

காற்று என் தொழில். பெரிய கட்டடங்களில் ஏசி காற்று போகத் தகரக் குழாய், அதாவது டக்ட், அடிக்கிறவன் நான். மண்டபம் கொள்ளாத கூட்டத்தில் ஒருத்தருக்கும் வியர்க்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு, ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி எம்மாத்திரம்? இந்தத் திமிரோடுதான் மச்சான் கடைக்குப் போனேன்.

மச்சான் என்றால் இவளுடைய தம்பி. கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறான். அக்காவைப் போலவே சத்தம் போடாமல் பேசுகிறவன், எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும். பிராசஸருக்கும் பெட்டியின் பக்கவாட்டு மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வரச் சொன்னான். நீ பல்லு முளைக்கிறதுக்கு முன்னாலேயே நான் டேப் பிடித்தவன் என்று சொல்லிவிட்டு, பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இறக்குகிற கூலர்களில், அலமாரியில் இருந்ததிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தகடு தகடாக அடுக்கி, பக்கத்தில் விசிறி வைத்த கோபுரம். பெரிய இடத்துக்குப் பெரிய விசிறி என்றால் சின்ன இடத்துக்கும் பெரிய விசிறி இன்னும் நல்லதுதானே என்பது என் கணக்கு.

மாட்டிப் பார்த்தால் மூடி மூடவில்லை. கோபுரத்தின் தலை வெளியே எட்டிப் பார்த்தது. மூடி இல்லாமலே இருக்கட்டும், காத்தோட்டமாக இருக்கும் என்று வாதாடிப் பார்த்தேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். சட்டை போடாமல் விருந்தாளி முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வாயை மூடிக்கொண்டு கழற்றினேன்.

திருப்பிக் கொண்டுபோனபோது மச்சான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மதர்போர்டு மேல் படுத்துக்கிடக்கும் குட்டைக் கூலர் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பெட்டிக்குள்ளேயே சுற்றுகிற சூட்டுக் காற்றை அது குடிக்கக் கூடாது, வெளிக்காற்றைக் குடிக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றான். இது எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு வந்தேன். தெரியும்தான். ஆனால் வீட்டுப் பெட்டி என்றதும் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பழைய கூலரோடேயே மெஷினை ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பரை நூல் மாதிரிக் கிழித்து ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை உள்ளே இழுத்தால் காற்று போகிறது, வெளியே தள்ளினால் வருகிறது. அடியில் இழுத்தது. மேலே தள்ளியது. பக்கத்தில், கூலருக்கு நேராக, போகவும் தெரியாமல் வரவும் தெரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. தரையில் கவிழ்ந்து படுத்து அதையே பார்த்தேன். ஜன்னல் திரை உப்புவதும் ஒட்டுவதுமாக இருந்தது. விசிறியின் இரைச்சல் காதுக்குள் இறங்கி, தூரத்தில் அலையடிப்பது போல ஆகிவிட்டது.

எப்போது உள்ளே போனேன் என்று தெரியவில்லை. பெட்டிக்குள் ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் தடித்தடியாக ஒயர்கள் தொங்கின. விலக்கி விலக்கிப் போனேன். வெதுவெதுவென்று ஒரு காற்று என்னைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அதே காற்று பின்னாலிருந்து வந்து மறுபடியும் தாண்டியது. பாவம், அதற்கு வெளியே போக வழி தெரியவில்லை. தெருக்கோடியில் திமிங்கிலம் நின்றுகொண்டு தூங்கியது. அதன் தோல்மேல் கை வைத்தேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. மூடியின் ஓட்டைகளுக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் முகம் தெரிந்தது. என்னவோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. என்ன என்று கத்தினேன். பொறுமையாக மறுபடியும் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை.

விழித்தபோது கன்னத்தில் தரையின் கோடு பதிந்திருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லையே என்றாள்.

அன்று சாயங்காலமே வேலையில் இறங்கினேன். வழியை அடைத்துக்கொண்டிருந்த ஒயர்களை எல்லாம் இழுத்து மதர்போர்டுக்குப் பின்னால் கட்டினேன். அடி விசிறி உள்ளே தள்ள, மேல் விசிறி வெளியே தள்ள என்று இரண்டையும் சரிபார்த்தேன். குட்டைக் கூலரை வைத்துத் திருகினேன். அதன் விசிறிக்கும் மூடியின் ஓட்டைகளுக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் உள் சூடு திரும்ப நுழையும். பேக்கிங்கில் வந்த ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, விசிறியைச் சுற்றி ஒட்டி, மூடியோடு அணைந்து நிற்கும்படி செய்தேன். இனி அது வெளிக்காற்றை மட்டும்தான் குடிக்கும். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சின்ன டக்ட் அதுதான். ஒட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதே பெருமையாக இருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். அழகா இருக்கு என்றாள், ஆனால் சிரிக்கவில்லை. அவள் சிரித்தே கொஞ்ச நாளாகியிருந்தது.

ஓடவிட்டோம். திமிங்கிலம் வருவதற்கு முன்னாலேயே, குமிழி ஒன்றுகூட மேலே போகாமல், மெஷின் நின்றுவிட்டது.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. மச்சானுக்கு போன் போட்டேன். உருப்படாத சாமானைத் தலையில் கட்டிவிட்டாய், சொந்த அக்காவுக்கே இப்படியா என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூலரைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள் மாமா என்று மட்டும் சொன்னான். நான் போனைக் கட்டில்மேல் வீசிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். இவளை அனுப்பிவைக்கத்தான் இந்தப் பெட்டி கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன்.

பின்னால் திருப்புளி சத்தம் கேட்டது. அவள்தான் கழற்றினாள். அப்புறம் ஏங்க, இது என்ன என்றாள்.

கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை நான் உரிக்கவே இல்லை. பிராசஸர் மேல் பட்டு அதன் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய செம்பு, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. திருகும்போது கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் தொழிலில் புதுச் சாமான் எதையும் உறை உரிக்க மாட்டோம். கட்டடத்தை ஒப்படைக்கிற அன்றைக்குத்தான், எல்லா வேலையும் முடிந்து, கைகழுவிக்கொண்டு வந்து உரிப்போம். முன்னாலேயே உரித்துக் கீறல் விழ விட்டவனை சைட்டில் ஒருத்தனும் மதிக்க மாட்டான். கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது.

இதை நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முடியவில்லை. கூலரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒப்படைக்கிற அன்னைக்கு ரிப்பன் கட்டி வெட்டுவீங்களா என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் கூலரை உறையோடு மாட்டலாம் என்றிருந்தது.

உறையை அவளே உரித்தாள். நான் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைத் தடவினேன். மூடியை மூடிக் காகித நூலைப் பிடித்தேன், பக்கத்து ஓட்டைகளில் அது விறைத்துக்கொண்டு ஒட்டியது. மெஷின் ஓடியது. ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. இவ்வளவு நாள் எத்தனை இரைச்சலில் இருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. மாடியில் யாரோ நாற்காலி நகர்த்துவது கேட்டது. அவள் வேலை செய்யும்போது பெருமூச்சு விடுகிறாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துகொண்டே வந்தன, பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. மாதம் முடியக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

நீலம் கறுத்தது. குமிழிகள் போயின. இமை மெல்ல விரிந்தது. உள்ளே இருந்தது கறுப்பு இல்லை, பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம். அது நேராக எங்களைப் பார்த்துவிட்டு, எங்களைத் தாண்டி வேறெங்கோ பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எங்கும் போக வேண்டாம் என்று சொல்லத் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "இந்தப் பெட்டி சரியாகலைன்னா போயிடலாம்னு இருந்தேன். வேற வழியில்லாம போறேன்னு சொல்லிக்கலாம் இல்லையா. நீங்க சரி பண்ணிட்டீங்க. இப்ப நானே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாப் போச்சு."

"போகணும்னு ஆசையா?"

"ஆசைதான்."

"என் மேல ஏதாவது வருத்தமா?"

"உங்க மேல ஒண்ணும் இல்ல. அத்தனை பேரு சேர்ந்து ஒரே கடலை வரையிற இடத்துல நானும் ஒரு தடவை உட்காரணும். அவ்வளவுதான்."

கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியாமல் அப்படியே நின்றது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. சத்தமில்லாத அந்த அறையில் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்டுவிடும்.

பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை.

"கூலர் சின்னதுதான், கனமில்ல," என்றேன். "பெட்டியை எடுத்துட்டுப் போறப்ப அதைக் கழட்ட வேண்டாம். துணிக்கு நடுவுல வெச்சுக்கோ, ஆடாது."

"அங்க பெரிய மெஷின் குடுப்பாங்கங்க."

"குடுக்கட்டும். அது அவங்களோடது," என்றேன். குரல் உடைந்துவிட்டது, மறைக்கவில்லை. "இதுக்கு நான்தான் காத்து விட்டேன்."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எடுத்துட்டுப் போறேன் என்றாள். அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.