பெர்னடெட்டின் ஈரத் தலை

…வழங்கப்படவில்லை என்றால் என்ன அர்த்தம், எனக்குத்தான் வழங்கினார்களே, கறுப்பு அங்கி காலைத் தடுக்க மேடையேறிக் கைகுலுக்கி வாங்கினேனே, அந்த நீல அட்டை முப்பத்தொரு வருடமாகக் கூடத்து அலமாரியில் நிற்கிறதே, ஆனால் இன்று தபாலில் வந்த மதிப்பெண் பட்டியலின் கடைசி வரியில் 'பட்டம் வழங்கப்படவில்லை' என்று… தொலைபேசியில் கல்லூரி அலுவலகப் பெண் நிதானமாகச் சொல்கிறாள், "மேடையில குடுக்கிறது வெறும் அட்டைதான் மேடம், எல்லாம் முடிச்சவங்களுக்குப் பட்டம் அப்புறமா தபால்ல போகும்." தெரியும், யாருக்குத்தான் தெரியாது, அந்தக் கோடையில் மூன்று முறை வீடு மாறினேன், எங்கோ தொலைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன், வேலையில் யாரும் தாளைக் கேட்கவுமில்லை… "நான் என்ன முடிக்கல?" "நீச்சல் தேர்வு, மேடம். இங்க அது தேறாம யாருக்கும் பட்டம் கிடையாது."

நீச்சல்! இந்த மில்வாக்கியில் லிஃப்டுகளைச் சோதிக்கிறவள் நான், கயிறு அறுந்தால் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நின்று விளக்குவேன், விழாது, வேகம் அளவைத் தாண்டியதும் மேலே ஒரு சக்கரம் அதைக் கண்டுகொள்ளும், பெட்டியின் இரு பக்கமும் ஆப்புகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும், அவ்வளவுதான்… என்னை எது கவ்வப்போகிறது. இதோ மேசையில் இரண்டு மாதமாகக் கோடு போட்டுப் பிரித்துவைத்த தாள், லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருக்கின்றன, ஒன்றில் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பழைய நூல்களை வரிவரியாக விவாதிப்பார்கள், மற்றதில் நமக்கென்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வரலாறு, தத்துவம், இசை என்று எந்த வகுப்பிலும் நுழையலாம், ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு எது வேண்டும், பிறரோடு படிப்பதா, தனியாகத் தேடுவதா… செவ்வாய்க்குள் பதில் சொல்ல வேண்டும், இரண்டு கடிதத்திலும் அடியில் ஒரே நிபந்தனை, இளங்கலைப் பட்டச் சான்று. இரண்டு மாதமாக எந்தக் கதவு என்று யோசித்திருக்கிறேன், தரையே இல்லாத மாடியில் நின்றுகொண்டு.

டுவேன் பட்டியலை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான், "சபாஷ் லொரெய்ன், அப்ப நீயும் என்னை மாதிரி பள்ளிக்கூடத்தோட நின்னவதான்! கல்யாணத்தன்னைக்கு உங்கப்பா எனக்கு என்னமா பாடம் எடுத்தாரு…" என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறான், என் கணவனுக்கு அந்த அளவுக்காவது தெரியும். "பயப்படாதீங்க மேடம்," என்கிறாள் அந்தப் பெண், "நீச்சல் குளத்துல அந்தக் கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பணும், அவ்வளவுதான், யாரும் நேரம் பாக்க மாட்டாங்க, நாளைக்கே வந்துகூட நீந்தலாம்." எனக்கு நீந்தத் தெரியாதே அம்மா, தெரியாததால்தானே அன்று அறைத் தோழி பெர்னடெட்டை என் பெயரில் அனுப்பினேன், போனாளே, வந்தாளே, தலை சொட்டச் சொட்ட, "முடிஞ்சதுடி, உனக்காக அரைக் குளத்தையும் குடிச்சிட்டேன்" என்று… "அந்தத் தேதியில உங்க பேருக்கு நேரா என்ன இருக்கு?" கேட்கும்போது குரல் என்னுடையதாக இல்லை. தாள் புரளும் சத்தம். "வரவில்லைன்னு போட்டிருக்கு, மேடம்."

வரவில்லை. நான் வரவில்லை, சரி, அவளுமா? "யாருடி நீந்தினது அப்போ?" என்கிறான் அந்தக் கதையெல்லாம் தெரிந்த டுவேன், இன்று வெள்ளிக்கிழமை, ஊரே உணவகத்தில் கூடும் மாலை மீன் வறுவலுக்கு பெர்னடெட் வழக்கம்போல் எங்கள் மேசைக்கு வருவாள், தட்டிலிருந்து என் ரை ரொட்டியை எடுத்துக்கொள்வாள், முப்பத்தொரு வருடமாக எடுத்துக்கொள்கிறாள்… கேட்பேனா, எப்படிக் கேட்பது, எனக்காகப் பொய் சொல்லப் போனவள் என்னிடமே பொய் சொன்னாள் என்றா? தொலைபேசியில் அந்தப் பெண் காத்திருக்கிறாள், "பேரை எழுதிக்கட்டுமா மேடம், நாளைக்கு?" அன்று பெர்னடெட் ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், நான்தான் துண்டு எடுத்துத் துவட்டிவிட்டேன், குளத்துக்குப் போய்வந்தால் தலையில் குளோரின் நாறும், நாள் முழுக்கப் போகாது, அவள் தலையில் எங்கள் குளியலறை ஷாம்புவின் ஆப்பிள் வாசனை அடித்தது, இப்போதும் அடிக்கிறது, அப்படியானால் அன்றே, துண்டு கையில் இருக்கும்போதே எனக்குத் தெரியுமா… நான் மூக்கைப் பிடித்துக்கொண்டா துவட்டினேன்?