கல்யாண நாளில் விழுந்த கிளஸ்டர்

பதிவு அலுவலகத்தின் பெண்கள் கழிப்பறையில் இரண்டு அறைகள். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மற்றதில், மூடிய கம்மோடின் மேல் மணப்பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கென்று எடுத்த உடை ஈரத்தரையில் படாமலிருக்க, அதன் ஓரத்தைச் சுருட்டி முழங்காலுக்கடியில் செருகியிருந்தாள்.

வெளியே அவளுடைய அக்கா பூங்கொத்தும் கையுமாகக் காவல் நின்றாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்டீ? வர்றவங்ககிட்ட எல்லாம் பொண்ணுக்கு வாந்தின்னு சொல்லி அனுப்பிட்டிருக்கேன். ஒரு அம்மா என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சிட்டுப் போறாங்க."

"சிரிச்சிட்டுப் போகட்டும். நீ கதவை விட்டு நகராதே."

"உன் மாமனார் வேற பக்கத்துல ஆம்பளைங்க பாத்ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு என்னையே பார்க்கறாரு."

மணப்பெண் தட்டுவதை நிறுத்தினாள். மாமனாருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளைக்குத் தெரிந்த மாதிரி. மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் கதை கந்தல்.

ஏன் கந்தல் என்று சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை அவன், தான் எழுதிய புரோகிராம் ஒன்று மக்கர் பண்ணுகிறது என்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு பதிவுக்கு வராமலே இருந்துவிட்டான். இரண்டாவது தடவை இவள். புது உடையும் தலைநிறையப் பூவுமாகக் கிளம்பியவள், பாதி வழியில் ஒரு போன் வந்ததும் டாக்சியைத் திருப்பச் சொல்லி ஆபீசுக்கே போய்விட்டாள். ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டும் வேலைப் பைத்தியங்கள். மூன்றாவது தடவை தேதி குறித்தபோது இவள்தான் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீ லேப்டாப்பைத் தொட்டேன்னு தெரிஞ்சுது, எழுந்து போயிட்டே இருப்பேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"உனக்கும் அதே சட்டம்தான்" என்றான் அவன். "நானும் எழுந்து போவேன்."

இரண்டு அம்மாக்களின் முன்னால் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். அப்படிச் சத்தியம் செய்த மகராசிதான் அக்காவின் பரிசுப் பைக்குள் லேப்டாப்பை ஒளித்துக் கொண்டுவந்து கம்மோடின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் மேலும் தப்பில்லை. காலையில் பதிவு அலுவலகக் கூடத்தில் எல்லா ஜோடிகளும் வரிசை எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்த்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, திரை பொசுக்கென்று கறுத்தது. பதிவாளர் வெளியே வந்தார். தூக்கம் கெட்ட முகம், காதில் பேனா.

"சிஸ்டம் படுத்துடுச்சு. அது வராம என்னால ஒரு பேரைக்கூட ஏத்த முடியாது. வந்தா வரிசையா கூப்பிடுவேன். வரலேன்னா சாயங்காலம் பூட்டிட்டுப் போயிடுவேன். அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுத்தான்."

மணப்பெண்ணின் அம்மா திரும்பினாள். மகளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், படுத்துக்கொண்ட அந்த வரிசைச் செயலி இவர்கள் கம்பெனியில் செய்தது. எழுதியவன் மாப்பிள்ளை. அது குடியிருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்பவள் மணப்பெண். அவன் எழுதுவதை, அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு பெட்டியில் கட்டி அனுப்புவார்கள். அதற்குக் கன்டெய்னர் என்று பெயர். அந்தப் பெட்டிகளை வாங்கி ஓட்டும் கணினிக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். கிளஸ்டர் என்பது ஈவிரக்கமில்லாத ஒரு ஹாஸ்டல் வார்டன். எந்தப் பெட்டி எவ்வளவு மெமரி தின்னலாம், எழுந்து "ஆஜர்" சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் ஒரு பருக்கை தராது, ஒரு நொடி பொறுக்காது. மீறிய பெட்டியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். அதே மாதிரி இன்னொரு பெட்டியைத் திறந்து உட்காரவைக்கும். அதுவும் மீறினால் அதையும் தள்ளும். அலுக்கவே அலுக்காது.

அன்று காலைதான் செயலியின் புதுப் பதிப்பு போயிருந்தது. அது எழுந்ததும் எழாததுமாக, ஊரிலுள்ள எல்லா அலுவலகங்களின் முன்பதிவுகளையும் ஒரேயடியாக வாரி வாயில் போட்டுக்கொண்டது. மெமரி போதாமல் செத்தது. மறுபடி எழுந்தது, மறுபடி செத்தது. கழிப்பறைக்குள் வந்த மாத்திரத்தில் மணப்பெண் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கோப்பைத் திறந்து மெமரி அளவை இரண்டு மடங்காக்கி அனுப்பிவிட்டு, "முடிஞ்சுது அக்கா, கிளம்பலாம்" என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

புதுப் பெட்டி எழுந்தது. முன்பு செத்த இடத்தைத் தாண்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பெட்டிகளும் மாயமாகி, வேறு பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. மெமரி பழைய அளவுக்கே போயிருந்தது.

"அடப்பாவி!"

"என்னடீ?"

"யாரோ நான் போட்டதை அழிச்சிட்டாங்க. அழிச்சதும் இல்லாம, அது எழுந்திருக்கற நேரத்தைக் கூட்டி வெச்சிருக்காங்க. மெமரிக்குச் செத்துக்கிட்டிருக்கு, இன்னும் கொஞ்சம் தூங்க விடுன்னு சொல்றான் எவனோ ஒரு முட்டாள்!"

ஆபீசில் அன்று டியூட்டியில் இருந்தவருக்குச் சாமியார் என்று பட்டப்பெயர். கட்டடமே தீப்பிடித்தாலும் குரலை உயர்த்தாத மனிதர். அவருக்கு அவசர அவசரமாகச் செய்தி அனுப்பினாள். பதில் நிதானமாக வந்தது: "நான் எதையும் தொடவில்லை அம்மா. யாரோ உள்ளே இருக்கிறார்கள். ஒருவரா இருவரா என்று தெரியவில்லை. நமக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்ட்தானே."

ஆமாம், ஒரே பாஸ்வேர்ட். மொத்தக் கம்பெனிக்கும் ஒன்று. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசி, ஒவ்வொரு தடவையும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அவள் தன் கோப்பை மறுபடி அனுப்பினாள். சற்று நேரத்தில் அது அழிந்தது. மறுபடி அனுப்பினாள். அதுவும் அழிந்தது. பெட்டி பிழைத்ததா செத்ததா என்று கண்ணால் பார்ப்பதற்குள் அவன் வந்து நின்றான், யாரோ அவன். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக அனுப்பினாள். அவனும் வேகத்தைக் கூட்டினான். காதோரம் வியர்வை வழிந்தது. கன்னத்து மேக்கப் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கோபம் தலைக்கேறியிருந்தாலும், உள்ளுக்குள் ஒரு மூலையில், அந்த முட்டாள் கெட்டிக்காரன்தான் என்று அவளுக்குப் பட்டது. சளைக்கவே மாட்டேன் என்கிறானே!

"மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டாள்.

"கார்லேர்ந்து தண்ணி பாட்டில் எடுத்துட்டு வரேன்னு போனாரு. போனவரு போனவருதான். நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்கோ."

நல்லதாகத்தான் போயிற்று. ஆனாலும் அவனை நினைத்ததும் இவளுக்கு அழுகை முட்டியது. பாவம், சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ஒரு பாட்டிலைத் தேடி அலைகிறான். இங்கே இவள் திருட்டுத்தனமாக... இது தெரிந்து அவன் எழுந்து போனால், போகாதே என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? தெரியாமலே இருந்து, திரையும் வராமல் போனால், அம்மாவின் அந்தப் பார்வையோடு நாலு மாதம் எப்படிக் குடித்தனம் பண்ணுவாள்?

அந்தக் கோப்பில் குறிப்பு எழுத ஒரு வரி உண்டு. யாரும் எழுதவும் மாட்டார்கள், படிக்கவும் மாட்டார்கள். ஆத்திரத்தில் அதில் தட்டினாள்: "யாருய்யா நீ? கையை எடு. எனக்கு இன்னைக்குக் கல்யாணம்." அனுப்பினாள்.

பெட்டிகள் மாறின. மறுபடி அவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பைத் திறந்தாள். குறிப்பு வரியில் பதில் இருந்தது.

"எனக்கும்தான்."

அவள் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு போனை எடுத்து மாப்பிள்ளையின் எண்ணை அழுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

ஒரு விரற்கடைச் சுவர். அதற்கப்பால் யாரோ போனைக் கீழே போட்டார்கள், ஏதோ உருண்டது, யாரோ "ஐயோ" என்றார்கள். அந்த "ஐயோ"வை அவளுக்கு எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும். சுவரை ஓங்கித் தட்டினாள்.

"தண்ணி பாட்டில் கிடைச்சுதா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், "உனக்கு வாந்தி நின்னுடுச்சா?" என்று குரல் வந்தது.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. நடையில், இந்த வாசலில் அவள், அடுத்த வாசலில் அவன், இரண்டு பேர் கையிலும் திறந்த லேப்டாப். அவன் டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. நடுவில் அக்காவும் மாமனாரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"பையனுக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லி எல்லாரையும் கீழ் மாடிக்கு அனுப்பிட்டிருந்தேன்மா" என்றார் மாமனார், அசடு வழிய. "உங்க பக்கமும் அப்படித்தான்னு நினைச்சேன். ரெண்டு பேரும் ஒரே இடத்துல சாப்பிட்டிருப்பீங்க போலன்னு..."

அக்கா பூங்கொத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மணப்பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"எழுந்து போயிடுவேன்னு சொன்னவ நான்தான். இப்ப நீ போறதுன்னா போ. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

"நானும்தான் தொட்டேன். ரெண்டு பேரும் போகணும்னா ஒரே டாக்சியிலதான் போகணும்" என்றான் அவன். "இதப் பாரு, திரை வரலேன்னா நீ அழுவியேன்னுதான் தொட்டேன். நீ எதுக்குத் தொட்டே?"

"அதே எழவுதான்."

"அப்ப அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். நீ எதுக்கு மெமரியைப் போட்டுக் கூட்டறே? எந்த அறிவுகெட்ட ஜென்மம்னு அரை மணி நேரமா திட்டிட்டிருக்கேன்."

"மெமரி இல்லாமத்தானே சாகுது! நீ எதுக்கு நேரத்தைக் கூட்டறே?"

"எழுந்ததும் அவ்வளவையும் படிச்சு முடிக்க அதுக்கு நேரம் ஆகும். எழுதினவனுக்குத் தெரியாதா? படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆஜர் சொல்லலேன்னு உன் கிளஸ்டர் அடிச்சுக் கொன்னுடும்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பட்டினியில் சாகாமல் தப்பித்தால் தாமதத்தில் சாகும். தாமதத்தில் தப்பித்தால் பட்டினியில் சாகும். இவள் கோப்பு போகும்போதெல்லாம் அவன் கொடுத்த நேரம் அழிந்தது. அவன் கோப்பு போகும்போதெல்லாம் இவள் கொடுத்த மெமரி அழிந்தது. இவ்வளவு நேரமும், ஒரு சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவர் கல்யாணத்தை ஒருவர் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஒரே ஃபைல்ல போடு" என்றாள்.

அங்கேயே, நடையின் தரையில், புது உடைகளோடு தொப்பென்று உட்கார்ந்தார்கள். அவள் தட்டினாள், அவன் எண்ணைச் சொன்னான். அனுப்பினார்கள். பெட்டி எழுந்தது. வாரி வாரித் தின்றது. சாகவில்லை. மென்றுகொண்டே இருந்தது. மாமனார் குனிந்து, "என்னம்மா, தேறுமா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்பதுபோல் கேட்டார். அவன் நகத்தைக் கடித்தான், அவன் நகம் தீர்ந்ததும் அவள் நகத்தைப் பிடித்தான். கடைசியில் பெட்டி "ஆஜர்" என்றது. அடுத்தது "ஆஜர்" என்றது. அதற்கடுத்ததும். கூடத்திலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கிளம்பி நடைவரைக்கும் வந்தது.

அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமனார் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யார் எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியாமல் துப்புரவு செய்ய வந்த பெண்மணியும் கைதட்டினார்.

அக்கா மட்டும் சுதாரித்துக்கொண்டாள். இரண்டு லேப்டாப்களையும் பிடுங்கினாள். இவர்கள் முறை வந்து பதிவாளர் அறைக்குள் போனதும் அவற்றை ஒரு நாற்காலியில் அடுக்கி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "கையெழுத்து ஆகறவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். என்னைத் தூக்கித்தான் எடுக்கணும்."

பதிவாளர் பெயர்களைக் கேட்டார், வயதைக் கேட்டார், சம்மதமா என்று கேட்டார். இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் தலையை ஆட்டினார்கள். மின்பலகையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மணப்பெண்ணின் சிரிப்பு நின்றது. அவள் கை தானாக அக்காவின் நாற்காலிப் பக்கம் நீண்டது. அக்கா அசையவில்லை. மாப்பிள்ளையும் அசையவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, ஏதோ கச்சேரி கேட்க வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். பழுதான ஒன்றின் முன்னால் அவன் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"மறுபடி விழுந்துடுச்சுன்னா?" என்று அவன் காதருகே கேட்டாள்.

"விழாது."

"எப்படிச் சொல்றே?"

"மெமரி நீ குடுத்தது."

இந்த மனிதனை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. நீட்டிய கையைத் திருப்பி அவன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"ஆங், வந்துடுச்சு" என்றார் பதிவாளர்.

இரண்டு பேரும் திரையைப் பார்க்கவில்லை.