இடிப்பது குற்றமன்று

ரொட்டித் தொழிற்சாலையின் பொதியறையில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே உயிரோடிருந்தது. மற்றெல்லோருக்கும் அவள் கதவு, இளையவர்களுக்குக் கதவக்கா. தொழிற்சாலையின் மகளிர் கால்பந்து அணிக்குத் தலைவியும் கடைசித் தடுப்பாட்டக்காரியும் அவளே. அவளைத் தாண்டிப் பந்து போவது குதிரைக்கொம்பு.

காலணி நாடாவுக்கு எப்போதும் இரட்டை முடிச்சிடுவாள். தேநீரை நின்றுகொண்டே குடிப்பாள். சுவரில் சாயமாட்டாள், சாய்வதானால் தள்ளுவண்டியில்தான் சாய்வாள். சூடான தட்டுகள் இருபது அடுக்கிய அவ்வண்டியின் இடப்பக்கச் சக்கரம் அடுப்பறை வாசலில் நாள்தோறும் சண்டித்தனம் செய்யும். கையால் தள்ளினால் தட்டுகள் சரியும். முழங்கையை விலாவோடு ஒட்டி, முழங்காலைச் சற்றே மடித்து, தோளைக் கொடுத்து நிதானமாகச் சாய வேண்டும். வண்டி மறுபேச்சின்றி நகரும். இந்த வித்தையையே அவள் மைதானத்துக்கும் கொண்டு சென்றாள். அவள் தோள் பட்டு ஒதுங்கியவர்கள் பலர். நடுவர் அதற்காக ஒருமுறைகூட விசில் ஊதியதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவள் தன் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள். அதே தொழிற்சாலையில் வேன் ஓட்டும் தம்பி பிழைத்தெழுந்தான். அவளும் ஓராண்டு கழித்து மைதானம் திரும்பினாள்.

தொழிற்சாலைகளுக்கிடையே போட்டி நடத்தும் சங்கம் மேசைப்பந்துக்கும் கால்பந்துக்கும் ஒரே படிவத்தைத்தான் அனுப்பும். ஆடப்போவது உடல் மோதும் விளையாட்டா, அல்லவா என்று அணித்தலைவியே குறிக்க வேண்டும். மோதும் விளையாட்டெனில் கோட்டருகே மருத்துவர் இருக்க வேண்டும். ஒற்றைச் சிறுநீரகம் உடையவர் ஆடலாகாது. அல்லவெனில் ஒரு தொல்லையும் இல்லை. சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு 'அல்ல' என்று குறித்தாள். மைதானத்தை விட மனம் வரவில்லை.

இவ்வாண்டு இறுதியாட்டத்துக்கான படிவமும் அவ்வாறே நிரப்பப்பட்டு மேலாளர் மேசையில் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. அதற்குள் சென்ற வாரப் பயிற்சி ஆட்டத்தில் அணியின் இளையவள் சிட்டுவின் தலை எதிரணிக்காரியின் தலையோடு மோதிற்று. அருகில் மருத்துவர் இல்லை. ஓர் ஈரத்துண்டுதான் இருந்தது. எழுந்து ஆடிய சிட்டு, பத்து நிமிடத்தில் பந்தைச் சொந்த வலைக்குள்ளேயே அடித்தாள். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். அவளோ கதவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியாக்கா?" என்று கேட்டாள். அப்போது ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே இருந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் கதவு மேலாளர் அறைக்குப் போய்ப் படிவத்தைத் திருப்பித் தரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். சிட்டுவுக்கு மூளை அதிர்ச்சி என்றெழுதிய மருத்துவச் சீட்டோடு வந்திருந்த தொழிற்சாலை மருத்துவர் சன்னலோரம் அமர்ந்திருந்தார். வேன் சாவியைக் கையில் உருட்டியபடி தம்பி வாசலில் நின்றான்.

மேலாளருக்குப் படிவத்தை மாற்ற விருப்பமில்லை. கால்பந்தில் காலும் பந்தும்தானே படுகின்றன. ஆளைத் தொட்டால் நடுவர் தண்டிக்கிறாரே. தண்டனைக்குரியது விளையாட்டின் பகுதியாவது எங்ஙனம் என்று அவர் நீட்டி முழக்கினார். கேட்பதற்கு அது நியாயமாகவே இருந்தது.

"எல்லாத் தொடுகைக்கும் தண்டனை இல்ல சார். எந்திரிச்சு என் பக்கத்துல நில்லுங்க," என்றாள் கதவு.

அவர் படிவக் கட்டோடு எழுந்து நின்றார். இருவருக்கும் முன்னே குப்பைக்கூடையைப் பந்தாக வைத்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டினாள், முழங்காலை மடித்தாள், சாய்ந்தாள். அவ்வளவே. மேலாளர் இரண்டு எட்டு தள்ளிப் போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். காகிதங்கள் அறையெங்கும் பறந்தன.

"இது ஃபவுல்," என்றார் மேலாளர், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி.

"எனக்கு விசில் கேக்கலையே," என்றார் மருத்துவர்.

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதவு சிரிக்கவில்லை. பந்துக்காகத் தோளோடு தோள் இடிப்பதற்கு விதியே இடம் தருகிறது என்றும், அந்த இடியை நேராகக் கொடுக்கவும் விழாமல் வாங்கவும் தான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று என்றும் அவள் சொன்னாள். பதினோரு பெண்கள் மோதி, விழுந்து, எழுந்து ஆடுகிற ஆட்டம் அது.

"இத மோதலே இல்லைன்னு எழுதினா நாங்க ஆடுனதே பொய்னு ஆயிடும் சார். ரெண்டு வருஷமா அந்தப் பொய்ய எழுதினது நான்தான்."

தம்பி உள்ளே வந்தான். மேலாளரையோ மருத்துவரையோ அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்க்கா. என்னால நீ வெளிய உக்காந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது."

"உனக்குக் கொடுத்தத என்னைக்காவது சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இல்ல."

"அப்ப நீயும் சொல்லிக் காட்டாத. வண்டிய எடு, ரொட்டி ஆறிடும்."

அவன் போகவில்லை, குனிந்து காகிதங்களைப் பொறுக்கத் தொடங்கினான். அவற்றுள் அந்தப் படிவத்தைக் கண்டெடுத்து, சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அக்காளிடம் நீட்டினான்.

கதவு பழைய குறியை அடித்துவிட்டு, 'ஆம்' என்ற கட்டத்துள் அழுத்தமாகக் குறியிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டருகே இருப்பதாக மருத்துவர் ஒப்புக்கொண்டார். ஆட்டக்காரர் பட்டியலில் முதலிலிருந்த தன் பெயரையும் அவள் அடித்தாள். தடுப்பில் யார் நிற்பது என்று மேலாளர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நம்ம பொதியறை மூணாவது மேசைக்காரி நிக்கட்டும். தினமும் அந்த வண்டிய என்கூடத் தள்றவதான். தோள் கொடுக்கத் தெரியும்."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் ஆடல."