முன்னால் நின்றவன்

தையற்கடை அப்பாஸைக் காணவில்லை. கடை திறந்தபடி கிடக்க, ஆள் போன இடம் தெரியாமல் பேகம்பூரே தேடியது. அவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட தாஹிராவின் அண்ணன் ஜெகபர் அலி மட்டும் அவன் மதராஸுக்கு ஓடியிருப்பான் என்றார். ஓடுகாலியை மறந்துவிட்டு ஆம்பூர் மாப்பிள்ளைக்குத் தலையாட்டு என்று தங்கையை நெருக்கினார்.

அன்று நோன்பு திறக்கச் சற்று முன்பு, அண்ணனின் தோல் பதனிடும் ஷாப்பின் காவல்காரர் சடையாண்டி கஞ்சி வாங்க வந்தார். முதலாளியோடு இன்னொருவருக்கும் வேண்டுமாம். வேலையாட்கள் எல்லோரும் சாயங்கால அஸர் தொழுகைக்கே வீட்டுக்குப் போயிருப்பார்களே, இது யார் என்று தாஹிரா கேட்டாள். பொய் சொல்லிப் பழகாத மனிதர் தலையைச் சொறிந்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தோல் கிடங்கில் ஒருவரை அடைத்து வைத்திருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் தோல் லாரியில் மதராஸுக்கு ஏற்றி, அங்கிருந்து பினாங்குக் கப்பலில் அனுப்பிவிடுவார்கள்.

"நான் சொன்னதாச் சொல்லிறாதீக தாயி."

தாஹிரா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தூக்குவாளியைத் தானே எடுத்து நடந்தாள். வழியிலேயே நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. அவளுக்கு வாய் நனைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஷாப் வாசலில் லாரி நின்றது. கிடங்குக் கதவை நெருங்கும்போதே உள்ளே ஓதும் குரல் கேட்டது. அப்பாஸின் குரல். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவைத் தள்ளினாள். ஆவாரம்பட்டை நெடி முகத்தில் அடித்தது. தரையில் அவிழ்த்துப் போட்ட கயிறு. அப்பாஸ் முன்னால் நின்று தொழ வைக்க, அவனை ஒட்டிச் சற்றுப் பின்வாங்கி நின்று அண்ணன் தொழுதுகொண்டிருந்தார். அவள் குறுக்கே பேசவில்லை. சுவரோரம் காத்து நின்றாள்.

தொழுகை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோதுதான் இருவரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணனின் கண் கயிற்றுக்குப் போனது.

"கட்டுங்கண்ணே," என்றாள் தாஹிரா. "நான் பாத்துட்டுப் போறேன்."

"ஓதிப் படிச்சவன்தான முன்னால நிக்கணும். எனக்கு அம்புட்டு ஓதத் தெரியாது," என்றார் ஜெகபர் அலி, அவள் கேட்காத கேள்விக்கு.

"தொழுகையவே அவரை நம்பிக் குடுத்துட்டீங்க. என்னையக் குடுக்கத்தான் யோசனையா?"

அவர் அப்பாஸ் பக்கம் திரும்பினார். "கதவு சும்மா சாத்தித்தானலே இருந்துச்சு. நான் ஸஜ்தாவுல நெத்திய வச்சுக் கெடக்கைல எந்திரிச்சு ஓடியிருக்கலாம்ல?"

"தொழுகைய விட்டுட்டு எப்படி ஓடுறது, மச்சான்?"

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஜெகபர் அலி எழுந்து போனார். தோலை மட்டும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லும் குரல் உள்ளே கேட்டது. தாஹிரா தூக்குவாளியைத் தரையில் இறக்கி வைத்தாள்.

திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நோன்பு தெறந்தியா நீ?"

இல்லையென்று தலையசைத்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து வாய் பேசுகிறாளே என்று முணுமுணுத்தபடி, ஒரு பேரீச்சம்பழத்தை அவள் கையில் வைத்து அழுத்தினார். பிறகு, அப்பாஸ் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"ஏலே, மச்சான்னு நிக்காஹ் முடிஞ்சு கூப்புடு. இப்பக் கஞ்சியக் குடி."