தட்டிப் பார்க்கிறவள்

"என்னாம்மா, கடலூருல டீக்கடை போடப் போறியா?" என்று கேட்டார் கண்டக்டர்.

அமிர்தத்தின் மடியில் ஐந்து வயது மகள் நீலாவதி இருந்தாள். காலடியில், வைக்கோல் அடைத்த கூடைக்குள் பன்னிரண்டு பீங்கான் கோப்பைகள் இருந்தன. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் மகளை விட்டுவிட்டுக் கூடையைப் பிடித்தாள்.

"கடையும் இல்ல, கண்ணியும் இல்ல. டாக்டருக்குக் காட்ட எடுத்தும்போறேன்."

"கப்புக்கு ஒடம்பு சரியில்லியா? நல்லா காட்டு, போ!"

முன் சீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். அமிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்து அவளுக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பஸ்ஸில்தான் போனாள். பிள்ளைக்கு வயது ஐந்து ஆகியும் அம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. காது டாக்டர் ஒருவர் கடலூரில் கைராசிக்காரர் என்று யாரோ சொன்னார்கள். அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்து உள்ளே போனால், டாக்டர் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு மணியை ஆட்டினார். ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதோரம் பிடித்தார். நீலாவதி சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். "பொறந்ததுலேருந்தே காது கேக்கலம்மா. அதான் பேச்சு வரல. மருந்தும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. மந்திரிக்கிறேன், கயிறு கட்டுறேன்னு அலையாத. காது கேக்காத புள்ளைங்களுக்குன்னு ஒரு ஸ்கூலு இருக்கு, ஆஸ்டல்லயே தங்கிப் படிக்கும். ஜூன் மாசம் சேத்துடு. இன்னும் வயசு ஏறுச்சுன்னா நாக்கு திரும்பாது" என்று ஒரு கடிதத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷம்தான் அமிர்தத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில், சூளையிலிருந்து வரும் கோப்பைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. எட்டு வருஷமாகச் செய்கிறாள். கோப்பையைக் கையில் ஏந்தி மரக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டினால், நல்ல கோப்பை 'ணங்' என்று பாடும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் இருந்தால் 'டப்' என்று ஊமையாகிவிடும். அதைக் கழிவுக் கூடையில் போட வேண்டும். ஆறணா கோப்பையைக் கழிப்பதற்குக்கூட அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தட்டுவாள். 'என் வயித்துல பொறந்ததை நாலே நிமிஷத்துல கழிச்சுப் போட்டுட்டானே, படுபாவி!' அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டாள்.

காது கேட்காத பிள்ளை என்றால், இரவு ஷிப்டு முடித்துப் புருஷன் படியேறும்போதே கண்ணை விழித்துக்கொள்கிறதே, அது எப்படி? கூப்பிட்டால் திரும்பாது, வாஸ்தவம். தீபாவளி வெடிக்கும் திரும்பாது. அது அப்பனைக் கொண்ட வீம்பு. கேட்டும் திரும்பாத பிள்ளைகள் உலகத்தில் இல்லையா? கேட்டும் திரும்பாத புருஷன்மார்கள் இல்லையா? இப்படியெல்லாம் அவள் தனக்குத்தானே வழக்காடிக்கொண்டிருந்தபோதுதான் சாட்சி கிடைத்தது.

போன திங்கட்கிழமை. வீட்டில் விட ஆள் இல்லாத நாட்களில் செய்வதுபோல் அன்றும் நீலாவதியைக் கம்பெனிக்கு அழைத்துப் போயிருந்தாள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, ஒரு குவியலிலிருந்து கோப்பைகளை எடுப்பதும், டீ குடிக்கிற மாதிரி மோவாயில் ஒட்டி வைத்துக்கொள்வதும், தட்டுவதும், கீழே வைப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த காசியம்மாள்தான் முதலில் கவனித்தாள். அவள் அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் மூத்த கை.

"ஏ அமிர்தம், இங்க வந்து பாருடி. ஒம் மவ எடது பக்கம் வெச்சது அத்தினியும் கழிவு."

அமிர்தம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். டப். டப். டப். வலது பக்கம் இருந்தவற்றைத் தட்டினாள். ஒவ்வொன்றும் மணி மாதிரி பாடியது. வேறு குவியலைக் கலந்து வைத்தார்கள். அதையும் பிள்ளை பிரித்து வைத்தது. மூன்றாவது குவியலில் ஒரே ஒரு கோப்பையில் காசியம்மாளும் பிள்ளையும் மாறுபட்டார்கள்: காசியம்மாள் நல்லது என்றாள், பிள்ளை இடது பக்கம் வைத்தது. மேஸ்திரி அதை வாங்கி நீலமசியில் முக்கித் துடைத்தபோது, அடிப்பக்கத்தில் மெல்லிய நீலக்கோடு ஒன்று ஓடியிருந்தது. காசியம்மாள் மூக்கில் விரலை வைத்தாள். "செவிட்டுப் புள்ள செய்யிற வேலையாடி இது? அந்த டாக்டரு காதைத்தான் மொதல்ல யாராச்சும் பாக்கணும்!"

வீட்டில் புருஷன் விருத்தகிரி நம்பவில்லை. சூளையில் அடுக்குகிற வேலைக்காரன், பேச்சும் சூடாகத்தான் வரும். "அப்ப என்னா செய்யப்போற? டாக்டரு மேல கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டப்போறியா?"

"சாமி எதுக்கு? நானே போயி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வரேன்."

அப்படிப் புறப்பட்டதுதான் இந்தப் பயணம். கோப்பைகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினாள். ஏழு நல்லவை, ஐந்து கழிவு. கழிவுகளின் அடியில் மட்டும் காசியம்மாள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள்.

டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். மேஜை மேல் கூடை ஏறியதும் அவர் முகம் சுருங்கியது. "இந்தாம்மா, அன்பளிப்பெல்லாம் நான் வாங்கறதில்ல."

"அன்பளிப்பு இல்லீங்க. எம் பொண்ணுக்குக் காது கேக்குது. நீங்க சொன்னது தப்பு. அதைக் காட்டத்தான் வந்தேன்."

வெளியே பெஞ்சில் இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். எதைக் கண்டாரோ, "சரி, காட்டு" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பென்சில் புள்ளி விஷயத்தைச் சொன்னதும், அவரே கோப்பைகளை இடம் மாற்றி மாற்றிக் கலைத்து வைத்தார். நீலாவதி குச்சியை வாங்கிக்கொண்டாள். ஒன்றை எடுத்தாள், மோவாயில் ஒட்டி வைத்தாள், தட்டினாள், வலது பக்கம் வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிக் கோப்பை கீழே இறங்கியதும் டாக்டர் இடது பக்கம் இருந்த ஐந்தையும் கவிழ்த்துப் பார்த்தார். ஐந்திலும் புள்ளி இருந்தது.

அமிர்தம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் டாக்டர் அவளைப் பார்க்கவே இல்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பை ஏன் மோவாயில வெக்கிறா?"

"டீ குடிக்கிற மாதிரி வெளையாட்டுங்க."

"வெளையாட்டா?" டாக்டர் எழுந்து வந்தார். ஒரு நல்ல கோப்பையையும் ஒரு கழிவையும் எடுத்தார். நீலாவதியின் காதருகே, அவள் மேல் படாமல், தானே பிடித்துத் தட்டினார். ணங். டப். கதவோரம் நின்ற கம்பவுண்டருக்குக்கூட வித்தியாசம் தெரிந்தது. பிள்ளை டாக்டரின் கையையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றும் விளங்காமல் கோப்பைக்காகக் கையை நீட்டியது. டாக்டர் கொடுத்தார். வாங்கி மோவாயில் வைத்துத் தட்டிய மறுகணம் அதன் முகம் தெளிந்தது. வலது பக்கம் வைத்தது.

அமிர்தம் அந்தக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள், அடியில் புள்ளி இல்லை.

டாக்டர் அடுத்துச் செய்ததைக் கம்பவுண்டர் அந்த அறையில் அதுவரை பார்த்திருக்க மாட்டார். தன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோப்பையை மோவாயில் ஒட்டித் தட்டினார். மறுபடி தட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்குக்கு விடை தேடுவதுபோல் நெற்றியைச் சுருக்கினார். நல்லது எது, கழிவு எது என்று மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் தோற்றார். பிறகு பஞ்சை அமிர்தத்திடம் நீட்டினார்.

எட்டு வருஷமாகத் தட்டிய கை. காதை அடைத்ததும் அது வேறு யாருடைய கையோபோல் ஆகிவிட்டது. குச்சி பட்டது தெரிந்தது, அவ்வளவுதான். மறுபடி தட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தட்டினாள். அடியாழத்தில், எலும்புக்குள் ஓர் எறும்பு ஊர்ந்ததுபோல் ஏதோ ஓர் அதிர்வு ஓடி மறைந்தது. இருந்ததா, இல்லையா? சொல்லத் தெரியவில்லை. அவள் கோப்பையை இறக்கி வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஓசை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல், அம்மா கையிலும் காசியம்மாள் கையிலும் கோப்பைகள் இரண்டாகப் பிரிவதைப் பார்த்துப் பார்த்து, அதற்கு என்ன காரணம் என்று இந்தச் சின்னத் தலை தனியாகத் தேடியிருக்கிறது. உடம்பெல்லாம் தேடி, மோவாயில் கண்டுபிடித்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, 'வெளையாடுது' என்று நினைத்தவள் பெற்றவள். படியேறும் அப்பனின் கால் இதற்கு எப்படித் தெரிந்தது என்பதும் இப்போது விளங்கியது. பிள்ளை வெறுந்தரையில் அல்லவா படுக்கிறது.

அமிர்தத்துக்கு அந்த ஐந்து வயதுப் பிள்ளையைத் தொடவே கொஞ்சம் பயமாக இருந்தது.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் தணிந்திருந்தது. "காது கேக்கலதாம்மா. நான் சொன்னதுல மாத்தம் இல்ல. ஆனா அன்னைக்கு நான் காதைத்தான் பாத்தேன். புள்ளையைப் பாக்கல." இன்னொரு கடிதம் எழுதினார். போன தடவை நாலு வரி எழுதியவர், இந்தத் தடவை தாளைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார். "அந்த வாத்தியாருங்ககிட்ட இதைக் குடு. அனுப்புறதும் அனுப்பாததும் ஒன் இஷ்டம். அடுப்புல மட்டும் போட்டுடாத."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அமிர்தம் கேட்கவில்லை. கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். வென்றாளா, தோற்றாளா என்று புருஷன் கேட்டால் என்ன சொல்வது? கூடையைத் தூக்கியபோது டாக்டர், "ஒரு கப்பை மட்டும் குடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டார். அவள் கீறல் விழாததாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். அவர், அது வேண்டாம், கீறல் விழுந்த ஒன்றுதான் வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது சித்திரை வெயில் பஸ்ஸைக் காய்ச்சியது. கண்டக்டர் வேறு ஆள், கூடையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜூன் மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைப் பாதியில் கலைத்து, மறுபடி போட்டபடி வந்தாள். ஆஸ்டலில் ராத்திரி பிள்ளை புரண்டு படுத்தால் போர்த்திவிட யார் இருப்பார்கள்? அங்கே கட்டில் போட்டிருப்பார்களா, தரையா?

ஊருக்குள் நுழையும் முன் ரயில்வே கேட் மூடியிருந்தது. நெய்வேலியிலிருந்து நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி. எஞ்சின் ஊதிக்கொண்டே பஸ்ஸின் மூக்கை உரசுவதுபோல் கடந்தது. பின்னாலேயே பெட்டிகள் வரிசை வரிசையாகத் தடதடத்தன. பஸ்ஸின் தகரம், கண்ணாடி, சீட்டுக் கம்பி எல்லாம் ஆடின. கண்டக்டர் ஏதோ கத்தினார், வாய் அசைந்ததுதான் தெரிந்தது. பக்கத்துச் சீட்டுக் குழந்தை வாயைப் பிளந்து அழுதது, அழுகை கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் காது அடைத்துப்போனது.

தூங்கிக்கொண்டிருந்த நீலாவதி திடுக்கிட்டு விழித்து, பிடிமானத்துக்கு அம்மாவின் கழுத்தைப் பற்றினாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ரயிலு" என்றாள் அமிர்தம், பழக்க தோஷத்தில். பற்றிய கை அப்படியே நின்றது. பிள்ளை வெளியே பார்க்கவில்லை. ரயிலையும் பார்க்கவில்லை. அதன் கண்கள் அம்மாவின் தொண்டையில் வந்து ஊன்றிக்கொண்டன.

அமிர்தம் எச்சிலை விழுங்கினாள். "நீலா" என்றாள். தன் குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை, அவ்வளவு இரைச்சல். ஆனால் தொண்டையில் இருந்த ஐந்து சின்ன விரல்களும் மெல்ல விரிந்தன.

"நீலா."

பிள்ளை இன்னொரு கையையும் கொண்டுவந்து வைத்தது. வாய் திறந்திருந்தது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மா பெயர் சொல்வதை நிறுத்தியபோதெல்லாம் அந்த விரல்கள் லேசாக அழுத்தின, இன்னொரு தரம் என்று கேட்பதுபோல.