சவுரியம்மாள் உட்கார்ந்த துண்டுகள்

விழுப்புரத்தில் திண்டிவனம் பேருந்தின் ஜன்னல் வழியே இடம் பிடிக்க ஒருவர் போட்ட ஒன்றரை முழத் துண்டு, விக்கிரவாண்டி வருவதற்குள் ஆறு முழமாகவும், கூட்டேரிப்பட்டு தாண்டும்போது கண்டக்டரின் பையை மூடும் அளவுக்கும் வளர்ந்திருந்தது. இது 2011 தை மாதம் நடந்தது; அந்த வாரம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, நல்ல விலை. துண்டு கிடந்தது பெண்கள் இருக்கையில். அதன்மேல் உட்கார்ந்தவர் சவுரியம்மாள், திண்டிவனத்தில் ஒரு மண்டியில் மல்லாட்டை புடைக்கிறவர்.

"எம்மா, துண்டு கெடக்குது, கண்ணு தெரியல?"

"தெரியுதுண்ணா. துண்டுக்கு டிக்கெட் வாங்கிட்டியா?"

துண்டு போட்டவர் பதில் யோசிப்பதற்குள் துணி அவர் இடுப்பைச் சுற்றியிருந்தது. தன் நிறுத்தத்தில் இறங்க முடியாமல், "அது பொம்பளைங்க எடம்தான், உட்டுடு தாயே" என்று அலறினார். உடனே வளர்ச்சி நின்றது. அதே பேருந்தில் வந்த, திண்டிவனத்தில் துணிக்கடை வைத்திருந்த கோட்டக்குப்பத்து இப்ராஹிம் ஷா அந்தத் துணியைக் கசக்கினார், முகர்ந்தார், ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தார். "பருத்திதான். ஆனா அகலம் பத்தாது" என்றார். அற்புதம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் விலை ஏறிவிடும்.

அதற்குப் பிறகு விஷயம் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்ணுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஆண் துண்டு போட்டு, அதன்மேல் சவுரியம்மாள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் போதும். போட்டவரே அது அந்தப் பெண்ணின் இடம் என்று நாலு பேர் காதுபட ஒப்புக்கொள்ளும்வரை துண்டு வளர்ந்துகொண்டே போகும். கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் மனைவி பஞ்சாயத்துத் தலைவராகவும் கணவரின் துண்டு அவள் நாற்காலியிலும் இருப்பது வழக்கம். அந்த மனைவிமார் ஆள்மேல் ஆள் அனுப்பி சவுரியம்மாளை அழைத்துப் போனார்கள். கணவன்மார் கைக்குட்டைக்கு மாறினார்கள், அதுவும் வளர்ந்தது. ஒருவர் செங்கல் வைத்துப் பார்த்தார். செங்கல் வளரவில்லை, சவுரியம்மாள் அதை எடுத்து வந்து அடுப்புக்கு வைத்துக்கொண்டார்.

கூட்டம் சேரும் ஆளைக் கட்சி விடுமா? மகளிரணியில் ஒரு பதவி கொடுத்தார்கள். வருகிற தலைவர்களுக்கெல்லாம் ஆரத்தி எடுப்பதுதான் அதன் வேலை என்பது பதவி ஏற்ற பிறகு தெரிந்தது. மேடையில் நாற்காலி கேட்டார். மேடை சின்னது என்றார்கள். அடுத்த முறை மேடையைப் பெரிதாக்கி இன்னும் கொஞ்சம் ஆண்களை உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலிகளின் துண்டுகள் அவரிடம் வளரவில்லை; மேடையில் பெண்ணுக்கென்று எதுவும் ஒதுக்கியிருக்கவில்லை, அற்புதத்துக்கும் சட்டம் தெரிந்திருந்தது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: மண்டியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. காலையில் வந்தவர்கள் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காமல் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டி இருந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது சவுரியம்மாள் சீட்டு கேட்டார். நகரத்தில் மனை விற்கிற கட்சிக்காரர் திருமுருகன் அதைத் தன் மனைவி கலைப்பிரியாவுக்கு வாங்கிவிட்டார். சுவரொட்டியில் அவர் முகம் பூசணிக்காய் அளவு, வேட்பாளர் முகம் எலுமிச்சம்பழ அளவு. ஜெயித்த பிறகு நகர்மன்றத்தில் கலைப்பிரியாவின் நாற்காலியில் கட்சிக் கரைபோட்ட துண்டு ஏறியது. திருமுருகன் உட்கார்ந்தார், டீ குடிக்கப் போனார், வந்து உட்கார்ந்தார். கலைப்பிரியா சுவரோரம் நின்றார். பிறகு ஒருநாள் மண்டிக்கு வந்தார்.

"அக்கா, ஒரு நிமிசம் வந்து ஒக்காந்துட்டுப் போங்களேன்."

சவுரியம்மாள் முறத்தை நிறுத்தவில்லை. "எனக்கு வர வேண்டிய சீட்டுல நீ ஜெயிச்ச. அதுல உன்ன ஒக்கார வைக்கவும் நானே வரணுமா? நல்லாக் கீதும்மா உங்க நாயம்."

"கேக்கறதக் கேளுங்க."

"கக்கூஸு. மொதல் தீர்மானம்."

"ரோடு மொதல்ல, அது ரெண்டாவது."

"அப்ப நின்னுக்கினே இரு."

பிறகு மாட்டுச் சந்தையில் பேசுவது போல முந்தானைக்கடியில் இருவரும் விரல்களைப் பிடித்துப் பேசினார்கள். எந்த விரல் மடங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. கலைப்பிரியா எழுந்தபோது ரோடு இரண்டாவதாகியிருந்தது.

அடுத்த கூட்டம் தொடங்குமுன், திருமுருகன் டீக்கடையில் இருந்த நேரம் பார்த்து, சவுரியம்மாள் போய் அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்து எழுந்தார். துண்டு கிளம்பியது. மற்றவர்கள் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொள்வார்கள். திருமுருகன் மனை விற்கிறவர், முதலில் வாய் திறப்பவன் தோற்பான் என்று படித்தவர். துண்டு படியிறங்கிக் கடைவீதிக்கு வந்தது. ஜனங்கள் அதன்மேல் மிளகாய் காயப்போட்டார்கள். ரயில் பாதையை நெருங்கியபோது கேட் கீப்பர் அதை மரியாதையாகச் சுருட்டி ஓரமாக வைத்தார். மயிலம் ரோட்டில் அது போனபோது பள்ளிப் பிள்ளைகள் வெயிலுக்கு அதைத் தூக்கிப் பிடித்து அதனடியில் நடந்தார்கள். வேண்டியவர்கள் வேண்டிய அளவு வெட்டிக்கொண்டதில் துணி விலை பாதியானது. பொங்கலுக்குக் கொள்முதல் செய்த சரக்கெல்லாம் கடைகளில் தூங்கியது. சட்டம் செய்யாததை விலை செய்தது: வியாபாரிகள் திரண்டு திருமுருகன் வீட்டுக்குப் போனார்கள்.

"தலைவரே, ஜல்தியா சொல்லிடுங்க. பொழப்பே பேஜாராப் போச்சு" என்றார் இப்ராஹிம் ஷா.

"சொன்னா என் கவுரவம் என்னாவறது?"

"அந்தத் துணியிலயே கவுரவத்துக்கு ஒரு ஒற தச்சித் தர்றேன். கூலி வேணாம்."

திருமுருகன் முதலில் குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தார். செல்லவில்லை. கடைசியில் மன்றத்துக்கு வந்து மைக்கைப் பிடித்தார். "அது அவ எடம்." துண்டு வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. "யாரு எடம்ங்க?" என்றார் சுவரோரம் நின்ற கலைப்பிரியா. "கவுன்சிலர் கலைப்பிரியா எடம்" என்றார் அவர், மூக்கடைத்த குரலில். துண்டு நின்றது. கலைப்பிரியா வந்து உட்கார்ந்தார். முதல் தீர்மானம் கழிப்பறை. எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியமில்லை, எல்லார் தோளிலும் துண்டு இருந்தது.

மிச்சத் துணி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளைச் சுற்ற இன்றும் போகிறது. கட்சிக் கரையோடு பிறந்ததாக அவர்களை யாரும் கேலி செய்வதில்லை.

கழிப்பறைத் திறப்பு விழாவுக்கு சவுரியம்மாள் தாமதமாகத்தான் வந்தார். மூட்டை இறக்கும் நாள். பேச்சு பாதி முடிந்திருந்தது, நாற்காலியெல்லாம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒன்றுமட்டும் காலி. அதில் கலைப்பிரியா அவருக்காகத் தன் ஈரிழைத் துண்டைப் போட்டு வைத்திருந்தார். சவுரியம்மாள் கொஞ்சம் தயங்கி, பழக்கதோஷத்தில் அதன்மேலேயே உட்கார்ந்தார். பின்வரிசை ஆண்கள் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். இப்ராஹிம் ஷா முழம் போட்டுப் பார்த்தார். ஒன்றரை முழம், விழா முடிந்து சோடா வந்தபோதும் ஒன்றரை முழமே.